108 வண்டியும் வேலூர் ஊராட்சிகளும்: யார் கையில் என்ன இருக்கிறது

வேலூர் மாவட்டத்தில் யார் 108-க்குப் போன் அடித்தாலும் அதை வேலூரில் யாரும் எடுப்பதில்லை. சென்னை தேனாம்பேட்டையில், டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குத்தான் அழைப்பு போகிறது. அங்கே எடுப்பவர் மாவட்டம், வட்டம், ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு, அருகில் எந்த வண்டி காலியாக நிற்கிறது என்று பார்த்து அனுப்புகிறார். வண்டியில் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுநரைத் துறைக்குள் 'பைலட்' என்பார்கள். இன்னொருவர் அவசர மருத்துவ உதவியாளர், சுருக்கமாக இ.எம்.டி. வண்டி அணைக்கட்டில் நிற்கலாம், குடியாத்தத்தில் நிற்கலாம். ஆனால் அணைக்கட்டு ஒன்றியத் தலைவரோ குடியாத்தம் நகர்மன்றத் தலைவரோ அதற்கு உத்தரவு போட முடியாது.

கிராம சபைகளில் அடிக்கடி எழும் கோரிக்கை ஒன்று: "எங்க ஊருக்குன்னு ஒரு ஆம்புலன்ஸ் வேணும் தலைவரே." கேட்பவர்களின் வலி நியாயமானது. தீர்மானமும் எழுதப்படும். அப்புறம் அந்தத் தாள் வட்டார வளர்ச்சி அலுவலகம், ஆட்சியர் அலுவலகம் என்று பயணம் போய் எங்கோ நின்றுவிடும். ஊராட்சியால் செய்யவே முடியாத ஒன்றை ஊராட்சியிடம் கேட்டு, அதனால் செய்ய முடிந்தவற்றைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்பது என் ஆதங்கம். அதனால்தான் இந்த ஏற்பாடு எப்படி அமைந்தது, எந்த இடத்தில் உள்ளாட்சிக்குப் பிடி இருக்கிறது என்று விளக்க நினைத்தேன்.

ஒரு காலத்தில் வைத்தியம் உள்ளாட்சியின் வேலையாகத்தான் இருந்தது. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூரிலிருந்து வேலூருக்கு 1911-ல் மாறியது. 1920-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிச் சட்டப்படி ஜில்லா போர்டுகள் (மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்புகள்) கிராமப்புற மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் நடத்தின. நகரங்களில் அந்தப் பொறுப்பு நகராட்சிகளிடம் இருந்தது. வேலூர் நகராட்சி 1866-லேயே உருவானது. அன்றைக்கு நோயாளியைத் தூக்கிவர வண்டி என்ற ஏற்பாடு கிடையாது. வேலூர் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் போய், வழியில் மரத்தடிகளில் நிறுத்தி மருத்துவம் பார்த்ததை இந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நோயாளி வர முடியாததால் மருத்துவர் போனார்.

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. மருத்துவமனைகள் மாநில அரசின் நேரடிப் பொறுப்பாகின. 1992-ல் வந்த 73-ஆவது, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் மறுபடி கதவைத் திறந்தன. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடியவற்றைப் பட்டியலிடும் பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் 23-ஆவதாக, மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகம் உட்பட சுகாதாரம் என்றே எழுதியிருக்கிறது. பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குப் பொது சுகாதாரம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதை எவ்வளவு தூரம் ஒப்படைப்பது என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். தமிழ்நாடு ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பொது சுகாதாரத் துறையிடமும், வட்ட மருத்துவமனைகளை மருத்துவப் பணிகள் துறையிடமும் வைத்துக்கொண்டது. 2008 செப்டம்பரில் 108 சேவை தொடங்கியபோதும் அதே வழிதான். பணம் அரசுடையது, நடத்துவது ஒப்பந்தத்தில் இ.எம்.ஆர்.ஐ. என்ற ஆம்புலன்ஸ் சேவை நிறுவனம், மேற்பார்வை சுகாதாரத் துறையின் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம். நடுவில் உள்ளாட்சிக்கு இடமில்லை.

இது தப்பா என்று கேட்டால், வண்டியைப் பொறுத்தவரை தப்பில்லை என்றே சொல்வேன். அமெரிக்காவில் 911 அழைப்பை எடுப்பதும் ஆம்புலன்ஸை நடத்துவதும் பெரும்பாலும் கவுண்டி அல்லது நகர நிர்வாகத்தின் பொறுப்பு. பல ஊர்களில் தீயணைப்புத் துறையோடு சேர்ந்தே இயங்கும். வரி நன்றாக வரும் இடத்தில் சேவையும் நன்றாக இருக்கிறது. ஆள் குறைந்த, பணமில்லாத கிராமக் கவுண்டிகள் தன்னார்வலர்களை நம்பித் திண்டாடுகின்றன. நம் ஒடுகத்தூர் பக்கத்து ஊராட்சியின் வீட்டு வரி வசூலை வைத்துக்கொண்டு 24 மணி நேரமும் ஒரு வண்டி, ஷிப்டுக்கு இரண்டு பேர், டீசல், ஆக்ஸிஜன், டயர் என்று தாக்குப்பிடிக்க முடியுமா? சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்பதிலும் இதே சிக்கல். அந்த நிதியில் வண்டி வாங்கலாம், ஆண்டுதோறும் ஆகும் செலவைச் செய்ய முடியாது. சாவி கொடுக்கும் படம் பேப்பரில் வரும். ஆறு மாதம் கழித்து ஓட்டுநருக்குச் சம்பளம் யார் தருவது என்ற கேள்வி வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வண்டி ஒரு ஊருக்கு மட்டும் என்றால் பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும். அதே நேரத்தில் பக்கத்து ஊரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊராட்சி எல்லையைப் பார்க்காமல் வண்டி போக வேண்டுமானால் எல்லா வண்டிகளும் ஒரே இடத்திலிருந்து நகர்த்தப்பட வேண்டும். ஆகவே வண்டியை விடுங்கள். வண்டி வருவதற்கு முன்னாலும் வந்து சேர்ந்த பிறகும் நடப்பதில்தான் உள்ளாட்சிக்கு வேலை இருக்கிறது.

முதல் வேலை முகவரி. சாதாரணமாகத் தோன்றும், ஆனால் போனில் போகும் நிமிடங்களில் பெரும்பகுதி இங்கேதான் கரைகிறது.

"எந்த ஊர் சார்?"

"புதூருங்க."

"எந்தப் புதூர்? எந்த வட்டம்?"

"காட்பாடி பக்கம்... இல்லைங்க, கே.வி.குப்பம் தாண்டி உள்ள வரணும்."

பதற்றத்தில் இருக்கும் மனிதர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டார். இந்த மாவட்டத்தில் புதூரும் மோட்டூரும் காலனியும் எத்தனை எத்தனை! போதாக்குறைக்கு 2019 நவம்பர் 28-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போயின. பேச்சில் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே வரும். வயதானவர்கள் சிலருக்கு அது இன்னமும் வட ஆற்காடுதான். சென்னையில் உட்கார்ந்து கணினியில் மாவட்டத்தைத் தேர்வு செய்பவருக்கு இது எப்படித் தெரியும்?

தெருவுக்குப் பெயர் வைப்பது, வீட்டுக்குக் கதவு எண் போடுவது, பெயர்ப்பலகை நடுவது எல்லாமே ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் வேலை. பல ஊராட்சிகளில் கதவு எண் வரி ரசீதில் மட்டும் இருக்கும், சுவரில் இருக்காது. வேலூர் மாநகராட்சிக்குள் பழைய எண், புதிய எண் என்று இரண்டு ஓடும். ஒவ்வொரு குக்கிராமத்தின் நுழைவிலும் ஊர்ப் பெயர், ஊராட்சி, வட்டம், மாவட்டம் நாலும் எழுதிய ஒரு பலகை, இரவில் தெரிய அதன் மேல் ஒரு தெருவிளக்கு. இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம், ஊராட்சியின் பொது நிதியே போதும். போன் செய்பவர் அந்தப் பலகையை அப்படியே படித்தால் போதும். பிரதான சாலையில் ஒரு இளைஞரை நிறுத்தி டார்ச் அடிக்கச் சொல்வது கிராமங்களில் ஏற்கெனவே இருக்கும் நல்ல பழக்கம். அதையும் விட வேண்டாம்.

வேலூர் நகரத்துக்குள் தொல்லை வேறு மாதிரி. சி.எம்.சி. இருப்பது ஆற்காடு சாலையின் நெரிசலுக்கு நடுவே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது ஊருக்குத் தெற்கே, திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறையில். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரின் வடக்கு ஓரமாகப் போகிறது. நெடுஞ்சாலையில் அடிபட்டவரை அடுக்கம்பாறைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கிரீன் சர்க்கிளையோ அதைப் போன்ற இன்னொரு முடிச்சையோ தாண்டித்தான் ஆக வேண்டும். காட்பாடிப் பக்கத்திலிருந்து வந்தால் ரயில்வே மேம்பாலம், அப்புறம் பாலாற்றுப் பாலம். ஸ்மார்ட் சிட்டி, பாதாளச் சாக்கடைப் பணிகளுக்காகத் தெருக்களைத் தோண்டிப்போட்ட காலத்தில் உள் தெருக்களில் வண்டி பின்னால் வந்து வேறு வழி தேடியதை இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். தோண்ட அனுமதி கொடுப்பது மாநகராட்சி. எந்தத் தெரு எந்தத் தேதி வரை அடைபட்டிருக்கும் என்ற பட்டியலை மாவட்டத்தின் 108 மேலாளருக்கு வாரம் ஒருமுறை அனுப்ப ஒரு அலுவலர் போதும். ஆக்கிரமிப்பு அகற்றுவதும், விதிப்படி இல்லாத வேகத்தடையை எடுப்பதும் இதே கணக்கில் வரும். முதுகெலும்பு முறிந்தவரை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிக்கு ஒவ்வொரு திடீர் வேகத்தடையும் ஆபத்து.

வழிவிடாதவருக்கு அபராதம் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவில் 10,000 ரூபாய். அதே திருத்தத்தின் 134-ஏ பிரிவு, அடிபட்டவரைத் தூக்கிவிட்டவரைக் காக்கிறது. அவர் தன் பெயரையோ விலாசத்தையோ சொல்லவேண்டியதில்லை, வழக்கில் இழுக்கவும் முடியாது. நம் பக்கத்தில் இன்னும் பலர் 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று ஒதுங்குகிறார்கள். அந்தப் பயத்துக்கு இனி சட்டத்தில் இடமில்லை.

நெடுஞ்சாலையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 1033. அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. சுங்கச்சாவடி நடத்தும் நிறுவனம் ரோந்து வண்டியும் ஆம்புலன்ஸும் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பணம் கட்டும்போது அதில் இதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் விட 102, இறந்தவரின் உடலைக் கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்திக்கு 155377. இந்த எண்களைச் சேர்த்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைத்தாலே நிறையக் குடும்பங்களுக்கு வாடகை வண்டிக் காசு மிச்சமாகும்.

தனியார் ஆம்புலன்ஸைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், ஆந்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வரும் ஊர் இது. திரும்பிப் போகும்போது, அதுவும் உடலோடு போகும்போது, மொழி தெரியாத அவர்களிடம் என்ன கட்டணம் கேட்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது தமிழ்நாடு அரசு தனியார் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. செய்ய முடியும் என்பது அதிலேயே தெரிகிறது. அதை எல்லா நாளுக்குமான விதியாக்க வேண்டும் என்று வேலூர் மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பினால் அதற்கு எடை இருக்கும்.

வண்டி வரும் வரை நோயாளியை யார் பார்ப்பது? ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரும் செவிலியரும் ஊராட்சிக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் அதன் கட்டடம், தண்ணீர், பாதை, விளக்கு இவற்றில் உள்ளாட்சிக்குப் பங்குண்டு. பணத்துக்கும் வழி செய்யப்பட்டது: 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையக் கட்டடம், வட்டாரப் பொது சுகாதார அலகு, நகர்ப்புற நலவாழ்வு மையம் எல்லாம் இந்தத் தலைப்பில் வருபவை. தமிழ்நாட்டின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், 2023 முதல், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நம் ஊர் நிலையத்தில் அந்த மாத்திரைகள் இன்று இருக்கின்றனவா என்று கிராம சபையில் கேட்கலாம். கேட்க வேண்டும்.

பாம்புக்கடிக்கும் இதே கேள்வி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே முறிமருந்துதான். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி வரை ஏற்ற வேண்டியிருக்கும். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் கடித்ததே தெரியாது, விடியும்போது இமை தூக்க முடியாமல் போகும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த ஒன்றியத்தில் எத்தனை கடி, எத்தனை சாவு என்ற கணக்கு இனி சேரும். அந்தக் கணக்கு அதே ஒன்றியத்தின் மக்களுக்கும் சொல்லப்பட வேண்டும்.

108-ஐப் பற்றிய கணக்கும் அப்படித்தான். எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை நிமிடத்தில் வண்டி சேர்ந்தது, எத்தனை முறை வண்டி இல்லாமல் தூரத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகிறது. அது மேலே போகிறது, கீழே வருவதில்லை. வண்டியை ஊராட்சியிடம் ஒப்படைக்க வேண்டாம். அந்த ஊராட்சிக்குரிய மூன்று மாதக் கணக்கை மட்டும் கொடுங்கள். ஒரே குக்கிராமத்துக்கு ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் ஆகிறது என்றால், பிரச்சினை வண்டி நிற்கும் இடத்திலா, பாதையிலா, முகவரியிலா என்று உள்ளூர்க்காரரால் ஒரே பார்வையில் சொல்லிவிட முடியும். 2021 நவம்பர் வெள்ளத்தில் விரிஞ்சிபுரத்தில் பாலாற்றுத் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனபோது, எந்த ஊருக்கு எந்தப் பக்கத்து வண்டி வர வேண்டும் என்பது ஆற்றங்கரைக்காரருக்கு உடனே தெரிந்தது. அந்த அறிவு சென்னைக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும்.

இப்போது மலைக்கு வருவோம். எனக்கு மிகவும் மனசைப் போட்டு அறுப்பது இதுதான். அணைக்கட்டு ஒன்றியத்தில் ஜவ்வாது மலைத்தொடரின் மேல் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மூன்று மலை ஊராட்சிகள். 2023 மே மாதம் அல்லேரி மலைப் பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் கீழே இறங்கத் தாமதமாகி, வழியிலேயே குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனைக்குப் பின் ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் பாதியோடு நின்றுவிட, பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தே மலை ஏறினார். தமிழ்நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் வாணியம்பாடியை ஒட்டிய நெக்னாமலையிலும் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிய கதை பல தலைமுறையாக இருந்தது. இங்கே எத்தனை வண்டி வாங்கினாலும் பயனில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்குக்கூட ஒரு பாதை வேண்டும்.

பிரசவத்துக்கு மட்டும் ஒரு மாற்று இருக்கிறது. தேதி நெருங்கும் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கப் பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் அமைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பாம்புக்கடிக்குத் தேதி கிடையாது.

சாலை ஏன் போட முடியவில்லை? நடுவில் காப்புக்காடு, அதாவது அரசு ஒதுக்கிப் பாதுகாக்கும் வனம். வனப் பாதுகாப்புச் சட்டம், 1980-ன் கீழ் வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும், மாற்று நிலம் காட்ட வேண்டும், ஆண்டுக்கணக்கில் கோப்பு நகரும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது, அது நேரடியாகக் கிராம சபையின் கையில் இருக்கிறது. வன உரிமைச் சட்டம், 2006-ன் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, சாலை உட்பட 13 வகைப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கிராம சபையின் பரிந்துரை இல்லாமல் அது நடக்காது. பரிந்துரை இருந்தால் மாவட்ட வன அலுவலர் அளவிலேயே அனுமதி கொடுக்கலாம். அவர் உடன்படாவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழு முடிவு செய்யும்.

ஒரு ஹெக்டேர் என்றால் எவ்வளவு தூரம்? மூன்று மீட்டர் அகலப் பாதை என்று வைத்துக்கொண்டால் சுமார் 3.3 கிலோமீட்டர். மலையடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் இது போதாது என்பது உண்மை. ஆனால் முழுப் பாதையும் காப்புக்காட்டில் போவதில்லை. பட்டா நிலமும் புறம்போக்கும் கழிந்து, காட்டுக்குள் போகும் துண்டு எவ்வளவு என்று அளந்தால் சில இடங்களில் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அடங்காத இடத்தில் பெரிய அனுமதிக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டு, இதே பிரிவின் கீழ் மலை மேலேயே ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு இடம் கேட்கலாம். முறிமருந்தும் அதை ஏற்றத் தெரிந்த ஆளும் மேலே இருந்தால் வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் குழந்தையின் உயிரை எடுக்காது.

தீர்மானத்தில் 'எங்களுக்குச் சாலை வேண்டும்' என்று மட்டும் எழுதினால் கோப்பு திரும்பி வரும். எந்தப் பணி, எந்தச் சர்வே எண், காப்புக்காட்டின் பெயர், நீளம், அகலம், மொத்தப் பரப்பு, வெட்ட வேண்டிய மரங்களின் எண்ணிக்கை, எந்தத் துறை பணியைச் செய்யும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். அளப்பதற்கு ஒன்றியப் பொறியாளரும் வனச்சரக அலுவலரும் சேர்ந்து மலை ஏற வேண்டும். அந்த நாளைக் குறித்துக் கடிதம் எழுதுவது ஊராட்சித் தலைவரின் வேலை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் எந்த நாளிலும் இதை வைக்கலாம். சிறப்புக் கூட்டமும் கூட்டலாம்.